ஒன்ராறியோவில் ரோட் டெஸ்ட்: ஊரில் ஓடிப் பழகியவர்கள் எப்படித் தயாராவது

யாழ்ப்பாணத்தில் ஒன்பது வருடம் வான் ஓடினேன். கண்டி வீதியால் இரவோடு இரவாகக் கொழும்புக்குப் போய்ச் சாமான் இறக்கிவிட்டு அடுத்த நாளே திரும்பி வந்த ஆள். அந்தத் துணிவில் கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்த இரண்டாம் மாதமே, முழு லைசென்ஸுக்கான ரோட் டெஸ்டான ஜி டெஸ்டுக்கு நேராகப் போனேன். ஃபெயில். பரீட்சகர் தந்த தாளை வீட்டுக்கு வந்து ஆறுதலாக வாசித்தபோது ஒரு பிழைகூட அநியாயமாகப் போடப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. சிவப்பு லைட்டில் வலப்பக்கம் திரும்பும்போது கார் முழுதாக நிற்கவில்லை, லேன் மாறும்போது தோளுக்கு மேலால் பார்க்கவில்லை, இடப்பக்கம் திரும்பி வேறு லேனுக்குள் போய் இறங்கியிருக்கிறேன். மூன்றுமே ஊரில் நான் தினமும் செய்தவை, அங்கே யாரும் அதைப் பிழை என்று சொன்னதில்லை.

பிறகு பாஸ் பண்ணி, பக்கத்தில் இருந்து பழக்குவதற்கான வருடங்களும் சேர்ந்த பின், வீட்டாருக்கும் தெரிந்தவர்களுக்குமாக ஏழு பேருக்குப் பழக்கியிருக்கிறேன். புதிதாக ஸ்ரியரிங் பிடித்தவர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்து பாஸ் பண்ணினார்கள். பத்து வருடம் ஊரில் ஓடியவர்கள்தான் தடுமாறினார்கள். அதனால் இதைப் பெரும்பாலும் அவர்களுக்காகவே எழுதுகிறேன். புதிதாகப் பழகுகிறவர்களுக்கும் உதவும்.

வெளிக்கிடுவதற்கு முன்பே செய்ய வேண்டியது

நீங்கள் இன்னும் ஊரில் இருக்கிறீர்கள் என்றால் இந்தப் பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள், இங்கே வந்த பிறகு இதைச் செய்ய நிறைய அலைய வேண்டும். உங்கள் லைசென்ஸ் எப்போதிலிருந்து செல்லுபடியாகிறது, எந்த வகை வாகனத்துக்கு என்று உறுதிப்படுத்தும் கடிதத்தை, லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்திலேயே கேட்டு வாங்கி வாருங்கள். இலங்கையில் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம், தமிழ்நாட்டில் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். கடிதம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஆங்கிலமோ பிரெஞ்சோ இல்லாத எந்தப் பத்திரமும் இங்கே மொழிபெயர்க்கப்பட வேண்டும், அதற்கு வேறு காசு, வேறு நாள்.

இந்தக் கடிதம் ஏன் முக்கியம் என்றால், ஒன்ராறியோவில் வாகன லைசென்ஸ் படிப்படியாகத்தான் கிடைக்கும். முதலில் ஜி1, பிறகு ஜி2, கடைசியில் முழு ஜி. ஒரு புதிய ஆள் ஜி1 எடுத்து 12 மாதம் காத்திருந்துதான் ஜி2 ரோட் டெஸ்டுக்குப் போகலாம், அங்கிருந்து இன்னொரு 12 மாதம் கழித்துத்தான் ஜி. அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற சில நாடுகளின் லைசென்ஸ் இருந்தால் டெஸ்ட் இல்லாமலே மாற்றிக்கொள்ளலாம். இலங்கை, இந்திய லைசென்ஸை அப்படி மாற்ற முடியாது. ஆனால் அங்கே ஓடிய அனுபவத்தைக் கணக்கில் எடுப்பார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் அனுபவம் இருக்கிறது என்று மேலே சொன்ன கடிதத்தால் காட்டினால், எழுத்துப் பரீட்சை முடித்தவுடன் காத்திருக்காமல் நேராக ஜி ரோட் டெஸ்டுக்கே போக விடுவார்கள். ஒரு வருடத்துக்கு மேல், இரண்டுக்குள் என்றால் காத்திருப்பு இல்லாமல் ஜி2 டெஸ்டுக்குப் போகலாம். என்னோடு வேலை செய்த ஒருவர் பன்னிரண்டு வருடம் லொறி ஓடியவர், கடிதம் எடுக்காமல் வந்ததால் ஊரில் இருந்த தம்பியை அலுவலகத்துக்கு மூன்று தரம் அனுப்பி, அது வந்து சேரும்வரை பஸ்ஸில் திரிந்தார்.

இங்கே வந்து குடியேறியவர், செல்லுபடியாகும் ஊர் லைசென்ஸோடு 60 நாள்வரை ஓடலாம். அதற்குப் பிறகு ஒன்ராறியோ லைசென்ஸ் இல்லாமல் ஓடக் கூடாது. சட்டப்படி ஓடலாம் என்பதற்காக வந்த கிழமையே சாவியை வாங்காதீர்கள், முதல் பத்து நாளாவது யாராவது ஓட நீங்கள் முன் சீட்டில் இருந்து பாருங்கள். வலக்கைப் பக்கமாக வாகனம் ஓடும் ஊருக்குக் கண் பழக அவ்வளவு நாளாவது எடுக்கும்.

எழுத்துப் பரீட்சை

ஜி1 எடுக்கப் பதினாறு வயது ஆகியிருக்க வேண்டும். கடவுச்சீட்டு, குடியுரிமை அல்லது படிப்பு, வேலை அனுமதிப் பத்திரங்களின் அசலோடு ட்ரைவ் டெஸ்ட் நிலையத்துக்குப் போனால் முதலில் கண் பார்ப்பார்கள். கண்ணாடி போடுகிறவர்கள் மறக்காமல் கொண்டு போங்கள். பிறகு கணினியில் 40 கேள்வி. இருபது வீதி அடையாளங்கள் பற்றியது, இருபது விதிகள் பற்றியது. இரண்டு பகுதியிலும் தனித்தனியாகக் குறைந்தது 16 சரியாக இருக்க வேண்டும், ஒன்றில் இருபது எடுத்து மற்றதில் பதினைந்து எடுத்தாலும் ஃபெயில்தான். முதல் முறை கட்டும் ஏறத்தாழ 160 டாலருக்குள் எழுத்துப் பரீட்சை, ஒரு ஜி2 ரோட் டெஸ்ட், ஐந்து வருட லைசென்ஸ் மூன்றும் அடங்கும்.

இந்தப் பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம். ஆங்கிலம் தடுமாறுகிற அம்மா, அப்பாமாருக்கு இது பெரிய உதவி. ஆனால் உங்களால் ஓரளவுக்கு ஆங்கிலம் வாசிக்க முடியும் என்றால் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள் என்பேன். காரணம், ரோட் டெஸ்டில் பக்கத்தில் இருக்கும் பரீட்சகர் தமிழில் சொல்லப் போவதில்லை. வீதியில் இருக்கும் பலகையும் தமிழில் இல்லை. ‘யீல்ட்’ (விட்டுக்கொடு), ‘மெர்ஜ்’ (லேனில் சேர்), ‘நோ ஸ்டாப்பிங்’ (நிறுத்தாதே) என்ற சொற்களைப் படிக்கும்போதே கண்ணில் ஏற்றிக்கொண்டால் பிறகு இரட்டை வேலை இல்லை.

படிக்க ஒன்றே போதும்: ஒன்ராறியோ போக்குவரத்து அமைச்சின் சாரதிக் கைநூல். அதை இணையத்தில் இலவசமாக வாசிக்கலாம். கைபேசி செயலிகளில் வரும் மாதிரிக் கேள்விகளை மட்டும் மனப்பாடம் செய்து ஜி1 பாஸ் பண்ணலாம், பலர் பண்ணுகிறார்கள், ஆனால் நான்கு பக்க ஸ்டாப் சந்தியில் யார் முதலில் போவது என்று கேட்டால் முழிக்கிறார்கள். கைநூலை முதலிலிருந்து முடிவுவரை ஒரு தரமாவது வாசியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

ஜி1-ஓடு இருக்கும் கட்டுப்பாடுகளும் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்து சீட்டில் குறைந்தது நான்கு வருட அனுபவம் உள்ள முழு ஜி லைசென்ஸ்காரர் இருக்க வேண்டும், நள்ளிரவிலிருந்து காலை 5 மணிவரை ஓடக் கூடாது, 401, 404 போன்ற 400 வரிசை ஹைவேக்களிலும் டான் வேலி பார்க்வே போன்ற வேகச் சாலைகளிலும் ஏறக் கூடாது. லைசென்ஸ் பெற்ற இன்ஸ்ட்ரக்டர் கூட இருந்தால் மட்டும் ஹைவேயில் ஏறலாம். மது ஒரு துளியும் கூடாது.

நேராக ஜி-யா, முதலில் ஜி2-வா

அனுபவக் கடிதம் உள்ள எல்லோரும் நேராக ஜி-க்குத்தான் ஓடுகிறார்கள், நானும் அப்படித்தான் ஓடினேன். தெரிந்துகொள்ளுங்கள்: அந்த வழியில் ஒரே ஒரு வாய்ப்புத்தான். ஃபெயில் ஆனால் ஜி2 எடுத்துவிட்டுத்தான் மறுபடி ஜி-க்கு வரலாம். ஜி டெஸ்டில் ஹைவே உண்டு, பரீட்சகரின் எதிர்பார்ப்பும் கூட. வேலைக்குக் கார் அவசரமாகத் தேவை, ஹைவே இன்னும் பயமாக இருக்கிறது என்றால் ஜி2 எடுப்பதில் ஒரு குறைவும் இல்லை, ஜி2 இருந்தால் தனியாகவே ஓடலாம். ஆறு எட்டுத் தரமாவது இன்ஸ்ட்ரக்டரோடு 401-இல் ஓடி, கை நடுங்காமல் உள்ளே சேரவும் வெளியே இறங்கவும் வந்த பிறகு மட்டும் நேராக ஜி-க்குப் போங்கள்.

அனுபவமே இல்லாதவர்களுக்கு ஒன்று. அரசு அங்கீகரித்த ஆரம்பச் சாரதிப் பயிற்சி எடுத்தால் ஜி2-க்கான காத்திருப்பு 12 மாதத்திலிருந்து 8 மாதமாகக் குறையும். அதில் 20 மணித்தியாலம் வகுப்பு, 10 மணித்தியாலம் காரில், மிச்சப் பத்து வீட்டுப் பயிற்சி போன்றவை. காசு போகத்தான் செய்யும், ஆனால் காப்புறுதியிலும் சில கம்பனிகள் குறைத்துத் தருவதால் முதலில் காப்புறுதிக்காரரிடம் கேட்டுவிட்டுக் கணக்குப் பாருங்கள்.

இன்ஸ்ட்ரக்டர் தேடும்போது

ஸ்காபரோவிலும் பக்கத்து நகரான மார்க்கத்திலும் தமிழ் இன்ஸ்ட்ரக்டர்மாருக்குக் குறைவில்லை. விலையை மட்டும் பார்க்காதீர்கள். முதல் பாடத்தில் உங்களை எங்கே கூட்டிக்கொண்டு போகிறார் என்று கவனியுங்கள். நேராக டெஸ்ட் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள வீதிகளைச் சுற்றிக் காட்டி, ‘இந்த இடத்தில் இப்படித் திரும்பு, அந்த மரத்தடியில் சிக்னல் போடு’ என்று பாதையையே பாடமாக்குகிறவரிடம் நான் யாரையும் அனுப்புவதில்லை. அன்றைக்கு வீதி திருத்த வேலை நடந்து பரீட்சகர் வேறு பக்கம் திருப்பினால் பழகியதெல்லாம் போய்விடும். ‘எனக்கு உள்ளே ஆள் இருக்கு, பாஸ் நிச்சயம்’ என்று யாராவது கதைத்தால் அங்கேயே இறங்கிவிடுங்கள்.

கணவன் மனைவிக்குப் பழக்குவது பற்றியும் மனதில் பட்டதைச் சொல்கிறேன். பல வீடுகளில் அது அழுகையில்தான் முடிகிறது. என் மச்சாள் கணவரோடு நான்கு மாதம் பழகி, ஸ்ரியரிங்கைப் பார்த்தாலே கை வியர்க்கிற நிலைக்கு வந்தாள். வேறொரு அக்கா பக்கத்தில் இருந்து சத்தம் போடாமல் சொல்லிக் கொடுத்தபோது ஐந்தாம் கிழமை தனக்குத்தானே பார்க் பண்ணினாள். பக்கத்தில் இருப்பவர் அமைதியாக இருப்பது ஒரு தகுதி, லைசென்ஸ் எத்தனை வருடம் என்பதைவிட அதைப் பாருங்கள்.

கண்ணையும் காலையும் மாற்றுவது

ஊரில் ஓடியவருக்குப் பிரேக், வேகம், பின்னால் எடுப்பது எல்லாம் கையில் இருக்கிறது. மாற வேண்டியது நான்கைந்து பழக்கம். அதை ஒவ்வொன்றாக எடுங்கள், ஒரே நாளில் எல்லாவற்றையும் நினைத்தால் எதுவும் நிற்காது.

முதல் கிழமை, நிற்பது மட்டும். ஸ்டாப் பலகையிலும், சிவப்பு லைட்டில் வலப்பக்கம் திரும்ப முன்னும் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். கார் உண்மையில் நின்றுவிட்டதை உடம்பே சொல்லும், முன்னுக்குப் போன உடம்பு மெல்ல சீட்டில் திரும்பி வந்து படும். அது படும்வரை கால் பிரேக்கில் இருக்கட்டும், பிறகு இடம், வலம், திரும்ப இடம் பார்த்துவிட்டு எடுங்கள். எங்கே நிற்பது என்பதும் கணக்கு: வெள்ளைக் கோட்டுக்கு முன், கோடு இல்லையென்றால் பாதசாரிக் கடவைக்கு முன், அதுவும் இல்லையென்றால் நடைபாதையின் விளிம்புக்கு முன். அங்கே நின்றால் மதிலோ பற்றையோ மறைக்கிறது என்றால் நின்ற பிறகு மெதுவாக முன்னுக்கு வந்து மறுபடி பாருங்கள். சிவப்பில் வலப்பக்கம் திரும்பலாம் என்பது ஊரில் இருந்து வருகிறவருக்குப் புதிது, திரும்பக் கூடாது என்று பலகை இருக்கும் சந்திகளும் உண்டு என்பதையும் மறக்காதீர்கள்.

இரண்டாம் கிழமை, பார்ப்பது. லேன் மாறும்போது, திரும்பும்போது, வீதியோரத்திலிருந்து வெளிக்கிடும்போது கண்ணாடி, சிக்னல், தோள் என்ற ஒழுங்கு. ஊரில் நாங்கள் கண்ணாடியைப் பார்ப்போம், மிச்சத்தை ஹோர்ன் சொல்லும். இங்கே கண்ணாடியில் தெரியாத அந்த மூலையை நாடி தோளில் படுமளவுக்குத் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். தலை மட்டும் திரும்பட்டும். உடம்பும் சேர்ந்து திரும்பினால் ஸ்ரியரிங்கும் கூடவே இழுபட்டுக் கார் மற்ற லேனுக்குச் சாயும். நான் பழக்குகிறவர்களை ‘கண்ணாடி, சிக்னல், தோள்’ என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன். இரண்டு கிழமைக்குப் பிறகு வாய் நின்றுவிடும், தலை தானாகத் திரும்பும். கண்ணால் மட்டும் பார்த்தால் பரீட்சகருக்குத் தெரியாது, தலை அசைந்தால்தான் தெரியும். நடுக் கண்ணாடியையும் ஐந்து பத்து வினாடிக்கு ஒருமுறை தொட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தக் கிழமையில் சிக்னல் போடப் போய் வைப்பர் ஓடும், பயப்படாதீர்கள். ஊரில் நாங்கள் ஓடிய யப்பான் வாகனங்களில் சிக்னல் பிடி வலக்கைப் பக்கம். இங்கே இடக்கைப் பக்கம். நிறுத்திய காரில் இருந்து பத்து நிமிடம் கையைப் பழக்கினால் போதும்.

மூன்றாம் கிழமையில் எந்தப் பக்கம் என்பது வரட்டும். வாகனம் நிறைய இருக்கும்போது இது பிழைக்காது, முன்னால் போகிறவரின் பின்னால் போய்விடுவோம். வெறும் வீதியில்தான் பிழைக்கும். ஒரு குளிர்காலக் காலை ஐந்தரைக்கு வேலைக்குப் போகும்போது, வாகனத் தரிப்பிடத்திலிருந்து வெளியே வந்து பழக்கதோஷத்தில் இடப்பக்க லேனுக்குள் போய்விட்டேன். எதிரே யாரும் வரவில்லை, அவ்வளவுதான் காப்பாற்றியது. அன்றிலிருந்து ஒவ்வொரு திரும்பலுக்கும் முன் ‘நடுக்கோடு எனக்கு இடக்கைப் பக்கம்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். நடந்து வீதி கடக்கும்போதும் முதலில் இடப்பக்கம் பாருங்கள், அதுவே ஒரு பயிற்சி.

சந்திகள்

டெஸ்டில் பாதிக்கு மேல் சந்தியில்தான் தீர்மானமாகிறது என்பது என் அனுபவம். அதனால் இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இடப்பக்கம் திரும்புவதுதான் இங்கே கடினமானது, ஏனென்றால் எதிரே வருகிறவர்களைக் குறுக்கே கடக்க வேண்டும். பச்சை விழுந்ததும் சந்திக்குள் மெல்ல முன்னேறி நில்லுங்கள், ஆனால் சக்கரம் நேராக இருக்கட்டும். சக்கரத்தை இடப்பக்கம் வளைத்து வைத்துக்கொண்டு நிற்கும்போது பின்னால் ஒருவர் வந்து இடித்தால் கார் நேராக எதிரே வருகிற வாகனத்துக்கு முன்னால் போய் விழும். இடைவெளி வரும்போது, போகிற வீதியில் ஆட்கள் கடக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள். லைட் மஞ்சளாகி எதிரே வந்தவர்கள் நின்றுவிட்டார்கள் என்றால், ஏற்கெனவே சந்திக்குள் இருக்கும் நீங்கள் திரும்பி முடிக்க வேண்டும், நடுவில் அப்படியே நிற்கக் கூடாது. திரும்பிப் போய்ச் சேரும் லேன் நடுக்கோட்டுக்கு அடுத்த லேன். வலப்பக்கம் திரும்பினால் வீதியோர லேன். அங்கே நேராகிய பிறகு வேண்டுமானால் சிக்னல் போட்டு மாறுங்கள். நான் ஃபெயில் ஆன தாளில் இருந்தது இதுதான்.

பச்சை லைட் விட்டு விட்டு மின்னினால், இடப்பக்கம் திரும்புகிறவர்களுக்கு முன்னுரிமை, எதிரே வருகிறவர்களுக்குச் சிவப்பு. சிவப்பு மின்னினால் ஸ்டாப் பலகை என்று எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போய் லைட்டே எரியவில்லை என்றால் நான்கு பக்க ஸ்டாப் சந்திபோல் நடந்துகொள்ள வேண்டும். நான்கு பக்க ஸ்டாப்பில் முதலில் வந்து நின்றவர் முதலில் போவார், ஒரே நேரத்தில் வந்தால் வலக்கைப் பக்கம் இருப்பவருக்கு விட வேண்டும். ஊரில் பெரிய வாகனத்துக்கு விட்டுக்கொடுத்துப் பழகிவிட்டோம். இங்கே பஸ்ஸானாலும் சைக்கிளானாலும் முறைதான் கணக்கு. உங்கள் முறை வந்தும் நீங்கள் மற்றவரைக் கை காட்டிப் போகச் சொல்வது மரியாதையாக இருக்கலாம், ஆனால் டெஸ்டில் தயக்கமாகவே எழுதப்படும்.

பள்ளிக்கூட பஸ் சிவப்பு விளக்கை மின்னவிட்டு நின்றால் இரண்டு திசையிலும் வருகிற எல்லோரும் நிற்க வேண்டும், நடுவே பிரிப்புத் திட்டு உள்ள வீதியில் மட்டும் எதிர்த்திசைக்காரர் நிற்கத் தேவையில்லை. பின்னால் வருகிறவர் குறைந்தது 20 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். முதல் தரம் மீறினாலே 400 டாலரிலிருந்து 2000 டாலர்வரை அபராதம், லைசென்ஸில் ஆறு குற்றப் புள்ளி. அபராதத்தை விடுங்கள், இறங்குவது ஐந்து வயதுப் பிள்ளைகள். வந்த புதிதில் நம்மவர்கள் சிலர் அந்த விளக்கைக் கவனிக்காமல் போவதைக் கண்டு எனக்கு நெஞ்சு பதறியிருக்கிறது.

பாதசாரிக் கடவையில் ஆள் வீதியை விட்டு முழுதாக மறுகரை ஏறும்வரை நிற்க வேண்டும், 2016 ஜனவரி முதல் இதுதான் சட்டம். சைக்கிளை முந்தும்போது ஒரு மீட்டர் இடைவெளி. ரொறன்ரோ நகரத்துக்குள் ஸ்ட்ரீட்கார் (வீதியில் தண்டவாளத்தில் ஓடும் ட்ராம்) நின்று ஆட்களை இறக்கினால், ஏறி நிற்கத் தனித் திட்டு இல்லாத இடத்தில், கடைசிக் கதவுக்கு இரண்டு மீட்டர் பின்னால் நிற்க வேண்டும். ஆம்புலன்ஸோ தீயணைப்பு வண்டியோ சைரனோடு வந்தால் வலப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள்.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. பலகை இல்லாத நகர வீதியில் 50, நகரத்துக்கு வெளியே 80, பள்ளிக்கூடப் பகுதியில் பெரும்பாலும் 40 அல்லது அதற்கும் குறைவு, பலகையைப் பாருங்கள். பயத்தில் 50 வீதியில் 35-இல் ஊர்ந்தாலும் புள்ளி போகும். முன்னால் போகும் வாகனத்துக்கும் உங்களுக்கும் இரண்டு வினாடி இடைவெளி. லைட்டில் நிற்கும்போது முன்காரின் பின் சக்கரம் வீதியைத் தொடுவது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

பார்க்கிங், திரும்புதல், ஓரம் கட்டுதல்

இது எல்லாம் மூன்று பின்னேரம் ஒரு வெறுமையான தரிப்பிடத்தில் பழகினால் வந்துவிடும். பின்னால் எடுக்கும்போது கமெராவை மட்டும் நம்பாமல் உடம்பைத் திருப்பிப் பின் கண்ணாடியால் பாருங்கள். வீதியோரமாகப் பார்க் பண்ணினால் விளிம்பிலிருந்து 30 சென்ரிமீட்டருக்குள் இருக்கட்டும். பரீட்சகர் ஓரம் கட்டச் சொன்னால் கண்ணாடி, சிக்னல், தோள் என்ற அதே ஒழுங்கில் பார்த்து நிறுத்தி, அபாய விளக்கைப் போட்டு, கியரை பார்க்கில் விட்டு, கைப்பிரேக் இழுங்கள்.

பலரும் குழம்புவது மேட்டுப் பார்க்கிங்கில். கார் உருண்டால் எங்கே போய் முட்டி நிற்கும் என்று யோசித்தால் மனப்பாடம் தேவையில்லை. இறக்கத்தைப் பார்த்து நின்றால் சக்கரத்தை வலப்பக்கம் திருப்புங்கள், விளிம்பில் போய் முட்டும். ஏற்றத்தைப் பார்த்து, விளிம்புக்கல் இருந்தால் இடப்பக்கம், பின்னால் உருளும்போது சக்கரம் கல்லில் சாயும். விளிம்புக்கல் இல்லாத இடத்தில் ஏற்றத்திலும் வலப்பக்கம்தான், உருண்டாலும் வீதிக்கு வராமல் வெளியே போய்விடும்.

ஹைவே, ஜி-க்குப் போகிறவர்களுக்கு

ஹைவேயில் சேரும்போது நம்மவர்கள் செய்கிற பெரிய பிழை, சேரும் லேனின் முடிவில் போய் மெதுவாக்கி, இடைவெளி வரட்டும் என்று காத்திருப்பது. அந்த லேன் வேகம் எடுப்பதற்கென்றே போடப்பட்டது. அதிலேயே உள்ளே ஓடுகிற வேகத்துக்கு வந்து, சிக்னல் போட்டு, கண்ணாடியும் தோளும் பார்த்து, ஒரு இடைவெளிக்குள் அதே வேகத்தில் சேருங்கள். 60-இல் போய் 100-இல் ஓடுகிறவர்களுக்கு நடுவே நுழைவதுதான் ஆபத்து. இறங்கும்போது மறுபுறம்: ஹைவேக்குள் வேகத்தைக் குறைக்காமல், இறங்கும் லேனுக்குள் போன பிறகு குறையுங்கள். ரொறன்ரோவுக்குள் 401, எக்ஸ்பிரஸ் (நேராகத் தூரம் போகிறவர்களுக்கு), கலெக்டர் (ஏறி இறங்குகிறவர்களுக்கு) என்று இரண்டாகப் பிரிந்து ஓடும். இறங்கும் வழிகள் பெரும்பாலும் கலெக்டர் பக்கம். முதல் தரம் தனியாகக் குழம்பாமல் இன்ஸ்ட்ரக்டரோடு போய்ப் பார்த்து வையுங்கள்.

பனிக்காலத்தில் டெஸ்ட் வந்தால்

டிசம்பரிலும் ஜனவரியிலும் டெஸ்ட் நடக்கும். பனி மூடிய வீதியில் கோடே தெரியாது, அப்போது முன்சென்ற சக்கரத் தடமும் பலகையும்தான் துணை. நிறுத்தும் தூரம் கூடும், அதனால் மெதுவாகவும் முன்னதாகவும் பிரேக். போவதற்கு முன் கண்ணாடி மட்டும் இல்லாமல் கூரை, முன்மூடி, விளக்குகள், இலக்கத் தகடு எல்லாவற்றிலும் பனியைத் தட்டுங்கள். ஒரு முழுக் குளிர்காலத்தையும் பழகாமல் விட்டு ஏப்ரலில் தொடங்கியவர்களைவிட, பனியில் இரண்டு மாதம் மெல்ல ஓடியவர்கள் நிதானமாக ஓடுவதைக் கண்டிருக்கிறேன்.

டெஸ்ட் நாள்

தேதி எடுக்கும்போது ஸ்காபரோவில் கிடைக்கவில்லை என்று தூரத்துச் சின்ன ஊர்களுக்குப் போய் எடுக்கிறவர்கள் நிறைய. அங்கே வாகனம் குறைவு என்பது உண்மை. பாஸ் பண்ணிவிட்டு அடுத்த நாள் மார்க்கம் வீதியில் பின்னேரம் ஐந்து மணிக்குத்தானே ஓடப் போகிறீர்கள்? நீங்கள் தினம் ஓடப் போகிற வீதியிலேயே எடுங்கள் என்பது என் விருப்பம். தேதியை மாற்றுவதென்றால் 48 மணித்தியாலத்துக்கு முன் மாற்றுங்கள், பிந்தினால் கட்டிய காசில் பாதி போய்விடும்.

முதல் நாளே காரைப் பாருங்கள். பிரேக் லைட் இரண்டும் எரிகிறதா, சிக்னல் நான்கும் வேலை செய்கிறதா, ஹோர்ன் அடிக்கிறதா, முன் கண்ணாடியில் வெடிப்பு உண்டா, எச்சரிக்கை விளக்கு ஏதாவது எரிகிறதா. இதில் குறை இருந்தால் டெஸ்டே நடக்காமல் திருப்பி அனுப்பலாம். லைசென்ஸ், காப்புறுதிப் பத்திரம், கண்ணாடி எல்லாம் எடுத்து வையுங்கள், அரை மணித்தியாலம் முன்னதாகப் போங்கள். ஜி1 என்றால் உங்களைத் தகுதியான ஒருவர்தான் அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

பரீட்சகர் அதிகம் கதைக்க மாட்டார், சிரிக்கவும் மாட்டார், அதைக் கோபம் என்று நினைக்காதீர்கள். ‘அட் த நெக்ஸ்ட் லைட்ஸ், டர்ன் லெஃப்ட்’, ‘புல் ஓவர் வென் சேஃப்’ என்பதுபோலச் சின்னச் சின்ன வசனங்கள்தான். விளங்கவில்லை என்றால் ‘சாரி, கேன் யூ ரிப்பீட்?’ என்று கேளுங்கள், அதற்குப் புள்ளி குறையாது. லெஃப்ட் என்றதும் தடுமாறி வலப்பக்கம் திரும்பப் போனால், சிக்னல் போட்டு ஒழுங்காக அந்தப் பக்கமே திரும்பிவிடுங்கள். கடைசி நேரத்தில் வெட்டி எடுப்பதுதான் டெஸ்டை முடிக்கும். ஒரு பிழை விட்டால் அதையே நினைத்துக்கொண்டு ஓடாதீர்கள், எல்லாப் பிழையும் ஃபெயில் இல்லை.

ஃபெயில் ஆனால் அந்தத் தாளை மடித்து வைக்காமல் இன்ஸ்ட்ரக்டரிடம் காட்டி, அதில் குறித்த இடங்களை மட்டும் இரண்டு கிழமை ஓடிப் பழகிவிட்டு அடுத்த தேதி எடுங்கள். பாஸ் என்றால் தற்காலிக லைசென்ஸைத் தாளாகத் தருவார்கள், அட்டை தபாலில் வரும், அதுவரை தாளைக் காரிலேயே வைத்திருங்கள். தனியாக முதல் தரம் 401-இல் ஏறுவதற்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி நல்ல நேரம். வாகனம் குறைவு, லொறியும் குறைவு. இரண்டு இறங்குவழி தூரம் ஓடி இறங்கி, ஒரு கோப்பி வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.